மேகக் கணக்கு – 7: மூன்று குமார்கள்

சர்வரை வாடகைக்கு எடுப்பதைப் போன வாரம் பார்த்தோம். அங்கே கொண்டுபோய்ச் சேர்த்த தரவை என்ன செய்வது என்பது இந்த வாரக் கேள்வி.

சேலையூர் கேம்ப் ரோடு சந்திப்பில் நிற்பவருக்கு விடை இரண்டு பக்கமும் கிட்டத்தில்தான். ஒரு பக்கம் போனால் வேளச்சேரி. 1996-இல் அட்வென்ட்நெட் என்று தொடங்கிய நிறுவனம் பல ஆண்டுகள் அங்கே விஜயநகரில் இயங்கியது. தாம்பரம் போய் ஜிஎஸ்டி சாலையில் தெற்கே திரும்பினால், 2009-இல் ஜோஹோ என்று பெயர் மாறிய அதே நிறுவனத்தின் வளாகம், கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்தில். இவர்களுடைய தரவுப் பகுப்பாய்வுத் தளமான ஜோஹோ அனலிடிக்ஸ் செய்யும் வேலையைத்தான் அமெரிக்கப் பெருநிறுவனங்களின் தளங்களும் செய்கின்றன.

அது என்ன வேலை என்று பார்க்க, மூன்று கிளை உள்ள ஒரு ஹார்டுவேர் கடையை எடுத்துக்கொள்வோம். பில் டாலியில், சரக்கிருப்பு எக்செலில், ஆர்டர் வாட்ஸ்அப்பில், பாக்கி முதலாளியின் நினைவில். எல்லாவற்றையும் ஒரே இடத்துக்கு இழுத்து வருவது தளத்தின் முதல் வேலை. கடை மூடிய பின் இரவில் தானாக நடக்கும்படி அமைத்துவிடலாம். அடுத்த வேலைதான் உயிரை வாங்கும்: சுத்தம் செய்வது.

பில்லில் ‘எஸ். குமார்’. ஜிஎஸ்டி பதிவில் ‘குமார் சுப்பையா’. வாட்ஸ்அப்பில் ‘குமார் செம்பாக்கம்’. மூவரும் ஒருவரே என்பது கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும், கணினிக்குத் தெரியாது. வெளிநாட்டு மென்பொருள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் காட்டும். நம் இனிஷியல் எதிலும் ஒழுங்காக உட்காராது. செல்பேசி எண்ணையோ ஜிஎஸ்டி எண்ணையோ பிடித்துக்கொண்டுதான் மூன்றையும் இணைக்க வேண்டும். இதைச் செய்யாமல் செயற்கை நுண்ணறிவை மேலே ஏற்றினால், ‘அதிகம் வாங்கியவர் யார்?’ என்ற எளிய கேள்விக்கே துளியும் தயங்காமல் தப்பான பெயரைச் சொல்லும்.

2025 ஜூலையில் ஜோஹோ தன் சொந்த மொழி மாதிரியான ஜியா எல்எல்எம்மை அறிவித்தது. 130 கோடி, 260 கோடி, 700 கோடி பாராமீட்டர் என மூன்று அளவுகள். உலகின் பெரிய மாதிரிகளுக்கு முன் இவை சிறியவை. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. பில்லிலிருந்து தேதியையும் தொகையையும் பிரித்தெடுக்க இந்த அளவு போதும். கணினிச் செலவும் குறையும். மும்பையிலும் சென்னையிலும் சொந்த டேட்டா சென்டர் வைத்திருக்கும் நிறுவனம் என்பதால், வாடிக்கையாளரின் தரவை வேறொருவர் சர்வருக்கு அனுப்ப வேண்டிய தேவையும் இல்லை.

ஒன்றுதான் வருத்தம். பேச்சை எழுத்தாக்க அப்போது அறிவித்த இரண்டு மாதிரிகளும் ஆங்கிலத்துக்கும் இந்திக்கும். நம் கடைகளுக்கு ஆர்டர் வருவது தமிழில், குரல் பதிவாக. ஜிஎஸ்டி சாலையில் இருக்கும் கம்பெனி தமிழை முதல் வரிசையில் வைத்திருக்க வேண்டும்.

எந்தத் தளத்தை வாங்கினாலும், பணம் கட்டுமுன் விற்க வருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். என் தரவு எந்த ஊர் சர்வரில் இருக்கும்? நாளை நான் விலகினால், அதை முழுவதுமாக, எக்செலில் திறக்கும்படி, எத்தனை நாளில் தருவீர்கள்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

(தொடரும்)