மேட்டித் துணியில் ராஜகோபுரம்

திருவண்ணாமலையின் மாட வீதிகளில், மார்கழி விடியற்காலையில் வாசல் தெளித்து, நேர்ப்புள்ளியா இடைப்புள்ளியா என்று மனத்துக்குள் தீர்மானித்துக்கொண்டு கோலமிடும் பெண்மணி, பிற்பகலில் அதே கையால் ஊசியெடுத்து சதுரக் கட்டமிட்ட மேட்டித் துணியில் பெருக்கல் குறிபோன்ற கிராஸ் ஸ்டிச் போடும்போது, தான் செய்வது கணித சாஸ்திரம் என்று ஒருநாளும் எண்ணுவதில்லை. கணக்கு என்றாலே தனக்கு ஆகாது என்றுகூடச் சொல்லிச் சிரிப்பாள். அவளுடைய கை போடும் கணக்கைச் சற்று விஸ்தாரமாகவே பார்க்கலாம்.

அருணாசலேசுவரர் ஆலயத்துக் கிழக்கு ராஜகோபுரம் பதினொரு நிலைகளும் 217 அடி உயரமும் உடையது. அடிக்கு ஒரு தையலாக அதைத் துணியில் எழுப்ப விரும்பினால், அங்குலத்துக்கு 14 கட்டமுள்ள துணியில் அது பதினைந்தரை அங்குலம் நிற்கும்; கடைக்காரர் 11 கட்டத் துணியைக் கொடுத்துவிட்டாலோ, அதே கோபுரம் ஏறக்குறைய 20 அங்குலமாக வளர்ந்து, செய்து வைத்த சட்டத்துக்குள் அடங்காமற் போகும். அகலத்துக்கு 140 கட்டம் சௌகரியமான எண்ணாகத் தோன்றும். ஆயினும் நடுக் கலசம் ஒற்றை வரிசையில் நின்று, அதன் இருபுறமும் சமமாக அமையவேண்டுமாதலால், 141 என்னும் ஒற்றைப்படை எண்ணே பொருந்தும். இடமும் வலமும் ஒத்த உருவமாகையால் கட்டத்தாளில் பாதியை வரைந்தால் போதும். கார்த்திகை தீபத்தன்று மலைமேல் ஜோதி ஏற்றும் வேளையில் சில நிமிஷங்களே வெளிவந்து காட்சி தரும் அர்த்தநாரீசுவரரைத் தைக்கத் துணிந்தவருக்கு மட்டும் இந்தச் சலுகை கிடையாது. அம்மையின் பாதி அப்பனின் பாதியைப் போலிராதே!

இனி நூற் கணக்கு. கட்டத்தின் பக்கம் ஒன்றென்றால் அதன் மூலைவிட்டம் இரண்டின் வர்க்கமூலம், அதாவது 1.414. வரிசை முழுவதும் அரைத் தையலாகப் போட்டு, திரும்பி வருகையில் மறு அரையைப் போட்டு முடிப்பவளுக்கு, ஒவ்வொரு தையலுக்கும் முன்புறம் இரு மூலைவிட்டமும் பின்புறம் இரு பக்கமுமாக 4.83 பங்கு நூல் செலவாகும். 14 கட்டத் துணியில் இது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. எட்டு மீட்டர் நீளமுள்ள ஆறிழைச் சிட்டத்தை இரண்டிரண்டு இழையாகப் பிரித்தால் 24 மீட்டர் கிடைக்கும். அதில் ஏறத்தாழ 2,700 தையல் போடலாம். முடிச்சில்லாமல் நுனியைப் பின்னால் செருகுவதில் வீணாவதைக் கழித்து 2,000 என்று வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். வானமும் சேர்த்து 141-க்கு 217 கட்டம் நிரப்ப 30,597 தையல். ஆக எல்லா நிறத்துக்குமாகப் பதினாறு சிட்டமாவது வேண்டும்.

இந்தத் துணிக்கு ஒரு வரம்பும் உண்டு. இடைப்புள்ளிக் கோலத்தில் ஆறிதழ்த் தாமரை இயல்பாக மலரும். சதுரக் கட்டத்திலோ அறுபது பாகைச் சுழற்சிக்கு இடமே இல்லை. தளத்தை நிரப்பும் பதினேழு வகைச் சமச்சீர் அமைப்புகளில் பன்னிரண்டே கிராஸ் ஸ்டிச்சுக்கு வசப்படும் என்பதை அமெரிக்கக் கணித அறிஞர் மேரி ஷெப்பர்டு 2007-இல் வெளிவந்த ஒரு நூலில் விளக்கியிருக்கிறார். கோலத்துக்கு அறிஞர்களின் ஆய்வுப் பொருளாகும் அந்த மரியாதை முன்னரே கிடைத்துவிட்டது: சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும், ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோரும் 1970-களின் தொடக்கத்திலேயே கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளுக்குள் கொண்டுவந்தனர். கட்டத்தாளே இன்றி, துணியின் இழைகளை எண்ணியெண்ணிப் பூவேலை செய்யும் நீலகிரித் தோடர் பெண்டிரின் கைவேலைக்கோ 2013-இல் புவிசார் குறியீடு வந்தது. அவர்களைக் கணித வல்லுநர் என்று அழைக்க நமக்கு இன்னும் மனம் வரவில்லை.

நம் பள்ளிகளில் தையல் வகுப்பும் கணித வகுப்பும் ஒன்றையொன்று அறியாமலே நடந்து வருகின்றன. வர்க்கமூலம் கற்பிக்கும் ஆசிரியர்கள் அடுத்த பாடத்துக்கு ஒரு சாண் மேட்டித் துணியும், ஊசி நூலும், ஓர் அளவுகோலும் கொண்டுவந்து, 1.414 என்பதை மாணவர்களே அளந்து கண்டுபிடிக்கும்படி விடவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.