மழையும் டயர் தேர்வும்: பார்முலா 1 பந்தயங்கள் தலைகீழாவது எப்படி?

பார்முலா 1 கார் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடினாலும் அது தரையைத் தொடும் இடங்கள் நான்குதான். என்ஜினின் ஆற்றல், பிரேக்கின் வலிமை, ஓட்டுநரின் திறமை எல்லாம் அந்த நான்கு ரப்பர் பரப்புகளின் வழியாகவே தரையைச் சென்று சேர வேண்டும். மழை பெய்தால் முதலில் கெடுவது இந்தப் பிடிமானமே. ஆகவே மழைப் பந்தயங்களில் எந்த டயரை எந்தச் சுற்றில் மாட்டுவது என்ற முடிவு, பல நேரங்களில் காரின் வேகத்தைவிடப் பெரிய காரணமாகிவிடுகிறது.

மூன்று வகை டயர்கள்

வறண்ட தளத்தில் பயன்படும் டயர் ஸ்லிக் எனப்படும். தேய்ந்துபோன டயரை நாம் மொட்டை டயர் என்கிறோம். ஸ்லிக் பிறவியிலேயே மொட்டை டயர். பள்ளங்கள் இல்லாததால் ரப்பர் முழுவதும் தரையில் படிகிறது. 100 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் அந்த ரப்பர் இளகித் தளத்தைக் கவ்விக்கொள்கிறது. தளத்தில் தண்ணீர் நின்றால் இந்த இரண்டு நன்மைகளும் போய்விடும். தண்ணீர் வெளியேற வழி இல்லாததால் டயருக்கும் தரைக்கும் நடுவே ஒரு நீர்ப்படலம் உருவாகி, கார் அதன்மேல் மிதக்கத் தொடங்கும். இதற்கு அக்வாபிளேனிங் என்று பெயர். அந்த நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் பயனில்லை. தண்ணீர் டயரைக் குளிரவும் வைப்பதால் ரப்பர் இறுகி, இருக்கும் கொஞ்சப் பிடிமானமும் குறைகிறது.

மழைக்கான டயர்களில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். ரப்பரும் குறைந்த வெப்பத்திலேயே வேலை செய்யும் வகையைச் சேர்ந்தது. 2011 முதல் பார்முலா 1 அணிகள் அனைத்துக்கும் டயர் வழங்கிவரும் பிரெல்லி நிறுவனம் இதில் இரண்டு வகைகளைத் தருகிறது. பச்சை வளையம் கொண்டது இன்டர்மீடியட் என்ற இடைநிலை டயர். நீல வளையம் கொண்டது கனமழைக்கான முழு ஈர டயர். மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு முழு ஈர டயர் வினாடிக்குச் சுமார் 85 லிட்டர் தண்ணீரை வெளியே தள்ளும் என்றும், இடைநிலை டயர் 30 லிட்டர் அளவுக்குத் தள்ளும் என்றும் அந்நிறுவனம் கூறியுள்ளது.

வறண்ட பந்தயத்தில் ஒவ்வொரு ஓட்டுநரும் குறைந்தது இரண்டு வகை ஸ்லிக் ரப்பரைப் பயன்படுத்தியாக வேண்டும் என்று விதி உண்டு. மழை டயர் மாட்டிய ஓட்டுநருக்கு அது பொருந்தாது.

எப்போது மாற்றுவது?

தளம் மெல்ல நனையும்போது ஸ்லிக்கின் சுற்று நேரம் கூடிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் இடைநிலை டயர் அதைவிட வேகமானதாகிவிடும். இதைக் கிராஸ்ஓவர் என்பார்கள். அந்தக் கட்டம் வந்ததும் மாற்றிவிட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் பிட் பாதைக்குள் வந்து டயர் மாற்றிவிட்டுத் திரும்பினால் பெரும்பாலான தடங்களில் 20 வினாடிகளுக்கு மேல் இழப்பு. தவறான டயரில் சுற்றுக்கு 8 வினாடி இழக்கிறோம் என்று வைத்துக்கொண்டால், மூன்று சுற்றுகள் கடந்தபின்தான் மாற்றியதன் பலன் தெரியும். அதற்குள் மழை நின்றுவிட்டால் மறுபடியும் ஒரு நிறுத்தம், மறுபடியும் 20 வினாடிகள்.

காயும் தளத்திலும் இதே சிக்கல்தான். தண்ணீர் இல்லாத இடத்தில் ஓடும் இடைநிலை டயர் அளவுக்கு மீறிச் சூடேறிச் சிதையத் தொடங்கும். நேர்ப்பாதைகளில் ஓட்டுநர்கள் தேடிப்போய் ஈரத்தின்மேல் ஓட்டுவது டயரைக் குளிர்விக்கத்தான்.

முன்னால் ஓடுபவரின் சங்கடம்

மழை வரும்போது மிகவும் இக்கட்டான நிலையில் இருப்பவர் முதலிடத்தில் ஓடுபவர் என்று சொன்னால் வியப்பாக இருக்கும். இழக்க அவரிடம் முதலிடமே இருக்கிறது. பின்னால் வருபவருக்கோ அவர் செய்வதற்கு எதிரானதைச் செய்து பார்க்கும் சுதந்திரம் உண்டு.

2021 செப்டம்பர் 26 அன்று ரஷ்யாவின் சோச்சியில் நடந்தது இதற்குத் தெளிவான சான்று. மெக்லாரன் அணியின் லாண்டோ நாரிஸ் தம் வாழ்வின் முதல் போல் நிலையிலிருந்து தொடங்கி, முதல் வெற்றியை நெருங்கிக்கொண்டிருந்தார். 53 சுற்றுகளில் சில மட்டுமே மிஞ்சியிருந்தபோது தூறல் தொடங்கியது. நாரிஸ் ஸ்லிக்கிலேயே தொடர முடிவு செய்தார். அவரைத் துரத்திய லூயிஸ் ஹாமில்டனும் முதலில் தயங்கினார். பிறகு அணியின் சொல்லைக் கேட்டு 49-ஆவது சுற்றில் இடைநிலை டயருக்கு மாறினார். அடுத்த சில நிமிடங்களில் மழை வலுத்தது. நாரிஸ் தடத்தை விட்டுச் சறுக்கி, கடைசியில் 7-ஆம் இடத்தில் முடித்தார். ஹாமில்டனுக்கு அது 100-ஆவது வெற்றி. கடைசி இடத்தில் தொடங்கிய மேக்ஸ் வெர்ஸ்டாப்பனும் சரியான நேரத்தில் டயர் மாற்றி 2-ஆம் இடம் பெற்றார். நாரிஸின் ஓட்டத்தில் அதுவரை குறை சொல்ல எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. தூறல் தூறலாகவே நின்றிருந்தால் அவரே வென்றிருப்பார்.

ஒரு புள்ளியில் இரண்டு பட்டங்கள்

ஹாமில்டனுக்கும் இந்தப் பாடம் எளிதாகக் கிடைக்கவில்லை. 2007-இல் அவர் அறிமுக ஆண்டிலேயே உலகப் பட்டத்தை நெருங்கியிருந்தார். இரண்டு பந்தயங்கள் மீதமிருந்த நிலையில், ஷாங்காயில் காயத் தொடங்கிய தளத்தில் தேய்ந்த இடைநிலை டயருடன் அவரை வெளியிலேயே வைத்திருந்தது மெக்லாரன் அணி. மீண்டும் மழை வருமா என்று பார்த்துவிட்டு மாற்றலாம் என்ற கணக்கு. டயர் உள்ளிழை தெரியும் அளவுக்குத் தேய்ந்தது. பிட் பாதை நுழைவிலேயே கார் சறுக்கிச் சரளைக்குள் சிக்கிக்கொண்டது. ஆண்டின் முடிவில் கிமி ரைக்கோனன் 110 புள்ளிகள், ஹாமில்டன் 109.

அடுத்த ஆண்டு நவம்பர் 2 அன்று பிரேசிலின் இண்டர்லாகோஸில் கணக்கு மாறியது. பட்டம் பெற ஹாமில்டனுக்கு 5-ஆம் இடம் தேவை. இறுதிச் சுற்றுகளில் மழை வந்ததும் முன்னணி ஓட்டுநர்கள் பலர் இடைநிலை டயருக்கு மாறினார்கள். டொயோட்டாவின் டிமோ குளோக் மட்டும் சக அணி வீரர் யார்னோ ட்ருல்லியைப் போலவே வறண்ட தள டயரில் தொடர்ந்தார். (அப்போதைய வறண்ட தள டயர்களிலும் பள்ளங்கள் உண்டு. ஆனால் அவை கார்களின் வேகத்தைக் குறைக்க விதிப்படி இடப்பட்டவை, தண்ணீரை வெளியேற்ற அல்ல.) கடைசிச் சுற்றில் மழை கொட்டியது. பிலிப்பே மாசா தம் சொந்த ஊரில் வெற்றிக் கோட்டைத் தாண்டினார், பெராரி கூடாரத்தில் கொண்டாட்டம் தொடங்கிவிட்டது. அப்போது 6-ஆம் இடத்தில் இருந்த ஹாமில்டன், கடைசித் திருப்பங்களில் தடுமாறிய குளோக்கைக் கடந்து 5-ஆம் இடம் பிடித்தார். பட்டம் 98-க்கு 97 என்ற கணக்கில் கைமாறியது.

குளோக் வேண்டுமென்றே வழிவிட்டார் என்ற பழிச்சொல் நெடுநாள் ஓடியது. அது நியாயமற்றது. நனைந்த தளத்தில் அந்த டயர் அவ்வளவுதான் போகும். மழை ஒரு நிமிடம் தாமதித்திருந்தால் அதே முடிவு சாமர்த்தியம் என்று பாராட்டப்பட்டிருக்கும்.

டானிங்டன் 1993

மழையில் ஓட்டுநரின் கை எவ்வளவு பேசும் என்பதற்கு 1993 ஏப்ரல் 11 அன்று இங்கிலாந்தின் டானிங்டன் பார்க்கில் நடந்த ஐரோப்பிய கிராண்ட் பிரியைச் சொல்வார்கள். அயர்டன் சென்னா முதல் சுற்றிலேயே பிறரை ஒவ்வொருவராக முந்தி முதலிடத்துக்கு வந்தார். ஆனால் அன்றைய பந்தயத்தின் மீதிக் கதை டயர்தான். மழை வந்தும் போயும் விளையாடியது. வலிமையான வில்லியம்ஸ் காரில் இருந்த அலைன் ப்ரோஸ்ட் வானம் மாறும்போதெல்லாம் டயரை மாற்றி, மொத்தம் ஏழு முறை பிட்டுக்கு வந்தார். சென்னாவோ ஈரம் கூடிய நேரத்திலும் ஸ்லிக்கில் தாக்குப்பிடித்து நிறுத்தங்களை மிச்சப்படுத்தினார். முடிவில் 2-ஆம் இடம் பெற்ற டேமன் ஹில் தவிர மற்ற எல்லோரும், ப்ரோஸ்ட் உட்பட, அவரைவிட ஒரு சுற்றோ அதற்கு மேலோ பின்தங்கியிருந்தனர்.

டயரால் தீராதவை

முழு ஈர டயர் இருந்தும் அதை இன்று பந்தயத்தில் காண்பது அரிது. அந்த அளவு மழையில் முன்னால் போகும் கார்கள் கிளப்பும் நீர்த்திவலைகளால் பின்னால் வருபவருக்கு எதுவும் தெரியாது. பிடிமானம் இருந்தும் பார்வை இல்லை. 2014 அக்டோபர் 5 அன்று ஜப்பானின் சுசுகாவில், நனைந்த தளத்தில் கட்டுப்பாட்டை இழந்த ஜூல் பியான்கியின் கார், வேறொரு காரை அகற்றிக்கொண்டிருந்த மீட்பு வாகனத்தில் மோதியது. அவர் 2015 ஜூலையில் உயிரிழந்தார். விபத்து நேரத்தில் எல்லாக் கார்களையும் ஒரே சமயத்தில் மெதுவாக ஓடச் செய்யும் மெய்நிகர் பாதுகாப்பு கார் முறை அதற்குப் பின்னரே, 2015-இல் நடைமுறைக்கு வந்தது.

அதிலிருந்து நடுவர்கள் கனமழையில் பந்தயத்தைத் தொடங்கவே தயங்குகிறார்கள். 2021 ஆகஸ்ட் 29 அன்று பெல்ஜியத்தின் ஸ்பாவில் ரசிகர்கள் பல மணி நேரம் நனைந்தபடி காத்திருந்தனர். பாதுகாப்பு காரின் பின்னே சில சுற்றுகள் மட்டும் ஓட்டப்பட்டு, பாதிப் புள்ளிகள் வழங்கப்பட்டன. ஒருவரும் ஒருவரை முந்தாத அந்தப் பந்தயத்தில் டயர் தேர்வுக்கு வேலையே இருக்கவில்லை.