உணவுப் பாதையில் மறைந்து வளரும் கட்டிகள்

1895-ஆம் ஆண்டில் ராண்ட்ஜென் எக்ஸ்-ரே கதிர்களைக் கண்டறிந்தபோது, உயிருள்ள மனிதனின் எலும்புகளைக் காண வழி பிறந்தது. ஆனால் இரைப்பையும் குடலும் அப்படத்தில் தெளிவாகத் தென்படவில்லை. எலும்பு கதிர்களைப் பெரிதும் தடுக்கிறது. இரைப்பையின் சுவரோ சுற்றியுள்ள தசைகளைப் போலவே அவற்றை ஊடுருவ விட்டுவிடுகிறது. அச்சுவரில் முளைக்கும் கட்டியின் நிலையும் இதுவே.

இக்குறையை நீக்க, கதிர்களைத் தடுக்கும் பொருளை உணவுப் பாதையினுள் செலுத்தும் முறை தோன்றியது. அமெரிக்காவில் வால்டர் கானன் என்பார் 1896-இல் தொடங்கிய ஆய்வுகளில், விலங்குகளுக்குப் பிஸ்மத் கலந்த உணவைக் கொடுத்து இரைப்பையின் அசைவுகளைக் கண்டார். பின்னர் பேரியம் சல்பேட் வழக்கத்திற்கு வந்தது. நீரில் கரையும் பேரியம் உப்புக்கள் நஞ்சாகும். சல்பேட்டோ கரையாததால் குருதியில் கலவாது மலத்துடன் வெளியேறுகிறது. நோயாளி இதனை அருந்தியபின் எடுக்கும் படத்தில் இரைப்பை வெண்மையாகத் தெரியும். கட்டி துருத்தி நிற்குமிடத்தில் பேரியம் நிரம்பாமையால் அங்கு ஒரு வெற்றிடம் காணப்படும். பெருங்குடலைச் சுற்றி வளரும் புற்று, கடித்துத் தின்ற ஆப்பிளின் நடுத்தண்டு போன்ற குறுகலைக் காட்டும்.

எனினும் சிறு கட்டிகள் அந்த வெண்மையில் மறைந்துவிடும். 1950-களில் ஜப்பானிய மருத்துவர்கள், பேரியத்தை மெல்லிய பூச்சாகப் படியச் செய்து காற்றால் இரைப்பையை விரித்துப் படமெடுக்கும் முறையை வளர்த்தனர். இதனால் உட்சவ்வின் மடிப்புக்களில் தோன்றும் சிறு மாறுதல்களும் புலப்பட்டன.

ஒளியைக் கண்ணாடி இழைகளின் வழியே வளைத்துச் செலுத்தும் ஆய்வை, பஞ்சாபில் பிறந்த நரிந்தர் சிங் கபானியும் ஹாப்கின்ஸும் 1954-இல் வெளியிட்டனர். 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் அத்தகைய இழைகளாலான உள்நோக்கிக் குழாயை உருவாக்கிக் காட்டினார். இன்று இரைப்பையையும் பெருங்குடலையும் ஆராய உள்நோக்கியே முதன்மையாகப் பயன்படுகிறது. கட்டியைக் கண்ணால் கண்டு, பரிசோதனைக்காகச் சிறு துணுக்கையும் எடுக்க அது உதவுகிறது. நோய் கல்லீரலுக்கோ நிணநீர்க் கணுக்களுக்கோ பரவியுள்ளதா என்பதை, 1971-இல் முதன்முதலாக நோயாளிக்குப் பயன்பட்ட சி.டி. ஸ்கேன் காட்டுகிறது.

இக்கருவிகளின் முழுப்பயனும் நோயாளி உரிய காலத்தில் வருவதைப் பொறுத்ததே. மலத்தில் குருதி கண்டால் மூலம் என்று எண்ணி வாளாவிருப்போர் பலர். விழுங்குவதில் தடை, கரிய மலம், காரணமின்றி உடல் மெலிதல், சோகை ஆகியவற்றுள் எதுவும் புற்றுநோய்தான் என்று உறுதி கூறுவதில்லை. ஆயினும் இவை ஆராயத்தக்கவை. களப்பணியாளரும் ஆசிரியரும் இவ்வறிகுறிகளை மக்களிடம் எடுத்துரைத்து, அவர்களைத் தாமதமின்றி மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும்.