எம்.எஸ்சி. படிச்ச பொண்ணு வீட்ல இருக்கா – என்ன செய்யலாம்?



போன மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்த பிறகு ஒரு அக்கா எங்களிடம் கேட்டார்: "பொண்ணு எம்.எஸ்சி. படிக்க குழுவுல கடன் வாங்கினேன். கடனும் கட்டி முடிச்சாச்சு. அவ இப்ப கைப்பிள்ளையோட வீட்ல இருக்கா. படிச்சது வீணாப் போச்சா மேடம்?"

வீணாகவில்லை. வழி இருக்கிறது, அது பலருக்குத் தெரியவில்லை.

ஆராய்ச்சி வேலைகளுக்கும் உதவித்தொகைகளுக்கும் பெரும்பாலும் வயது வரம்பு உண்டு. நம் பெண்கள் பிள்ளை பெற்று வளர்த்து நிமிர்ந்து பார்ப்பதற்குள் அந்த வயது தாண்டிவிடும். குறை பெண்ணிடம் இல்லை, சட்டதிட்டத்தில்தான் இருந்தது. இதை உணர்ந்துதான் மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03ல் பெண் விஞ்ஞானிகள் திட்டத்தைத் தொடங்கியது. குடும்பத்துக்காக இடையில் நின்றவர்கள் திரும்பி வருவதற்கான திட்டம் இது. பின்னாளில் 57 வயது வரை விண்ணப்பிக்கலாம் என்று இருந்தது. இப்போது 'வைஸ்-கிரண்' என்ற பெயரில் நடக்கிறது. பிரிவுக்குப் பிரிவு வயதும் தகுதியும் மாறும், அறிவிப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நாம் கடன் கேட்கும்போது தொழில் திட்டம் எழுதிக் கொடுக்கிறோம் இல்லையா? அதே மாதிரிதான். எதை ஆராயப் போகிறோம், என்ன செலவாகும் என்று அந்தப் பெண்ணே எழுத வேண்டும். இடம் கொடுக்க ஒரு கல்லூரியோ ஆய்வு நிறுவனமோ, வழிகாட்ட ஒரு பேராசிரியரோ வேண்டும். தேர்வானால் மாதாமாதம் உதவித்தொகை வரும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். இது நிரந்தர வேலை இல்லை. பழைய திட்டத்தில் அதிகபட்சம் மூன்று வருடம்தான். அதற்குப் பிறகு வேலை தேடுவது அவர்கள் பாடு. இது மாற வேண்டும் என்பது எங்கள் எண்ணம்.

பிஎச்.டி. படித்துக்கொண்டிருக்கும்போதே கர்ப்பமானால் அவசரப்பட்டு நின்றுவிட வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிப்படி, படிப்புக் காலத்தில் மகப்பேறு, குழந்தை பராமரிப்புக்காக 240 நாள் வரை விடுப்பு கேட்கலாம். படிப்பை முடிக்கப் பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம் கொடுக்கலாம். 2022 விதியிலும் இது இருக்கிறது. "எங்க காலேஜ்ல அப்படியெல்லாம் இல்ல" என்று யாராவது சொன்னால், எழுத்தில் விண்ணப்பம் கொடுங்கள்.

அந்த அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டோம். மகளுக்குப் பாடம் எடுத்த பேராசிரியரோடு இன்னும் பேச்சு இருக்கிறதா? பகலில் குழந்தையை யார் பார்ப்பது? முதல் கேள்விக்கு அவருக்குப் பதில் தெரியவில்லை. இரண்டாவதுக்கு, "மாப்பிள்ளையையும் உட்கார வச்சுப் பேசணும்" என்றார். அடுத்த கூட்டத்துக்கு மகளையும் சான்றிதழ்ப் பையையும் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.