வீடு நிறைய – 9: மேசையைக் கவிழ்த்துப் பாருங்கள்

தரை, சுவர், சன்னல் எல்லாம் முடிந்தது. இனி வீட்டுக்குள் என்ன போடுவது? பழைய மரச்சாமான் வாங்க நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு. கணக்குப்பிள்ளை மேசை, கை நீண்ட சாய்வு நாற்காலி, ஊஞ்சல் பலகை, பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்கு, லஸ்தர் விளக்கு என்று கடைகளில் குவிந்து கிடக்கும்.

இவை வந்த வழியையும் தெரிந்துகொள்ள வேண்டும். செட்டிநாட்டு நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் வட்டித்தொழில் நடத்திச் சம்பாதித்த காலத்தில், பர்மா தேக்கைக் கப்பலில் கொண்டுவந்து கட்டிய வீடுகளிலிருந்து வந்தவை இவை. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. அந்த வருமானம் அறுந்தது. வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், பிள்ளைகள் வெளியூர் போனார்கள். பராமரிக்க ஆளில்லாமல் பல வீடுகள் பிரித்து விற்கப்பட்டன.

கடையில் ஒரு மேசை பிடித்துப்போனால் மேல்பலகையின் பளபளப்பில் மயங்காதீர்கள். கவிழ்க்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்துக்கு யாரும் பாலிஷ் போட மெனக்கெடுவதில்லை. மரம் தன் வயதை அங்கேதான் சொல்லும். நேற்று அறுத்த கட்டைக்குச் சாயம் பூசியிருந்தால் அங்கே வெளுப்பு தெரியும். கூட்டல் குறித் தலை ஸ்குரூ இருந்தால் பிற்காலத்தில் யாரோ கை வைத்திருக்கிறார்கள். கால் சேரும் இடத்தில் கழுந்தும் துளையும் பொருந்தி, மர ஆணி அடித்திருந்தால் நல்ல ஆசாரியின் வேலை. வைரம் பாய்ந்த தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. ஓரத்தில் வெளிறி ஓடும் வெள்ளைப் பகுதியைத்தான் பூச்சி துளைக்கும். அங்கே தட்டிப் பாருங்கள். மெல்லிய மாவு உதிர்ந்தால் உளு இன்னும் உயிரோடு இருக்கலாம். அந்தச் சாமானை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

கால் ஆடுவதும் பிரம்பு அறுந்திருப்பதும் குறையே இல்லை. விலை குறைத்துக் கேட்க அவை நல்ல காரணங்கள். பழைய சாமான்களில் பெரும்பாலும் வஜ்ஜிரம்தான் பசை. ஈரமும் சூடும் பட்டால் அது இளகும். மூட்டைப் பிரித்து, சுரண்டித் துடைத்து, மறுபடி பூட்டிவிடலாம். மரத்தூளை அழுத்திச் செய்த இன்றைய பலகை ஒருமுறை தண்ணீரில் ஊறி உப்பிவிட்டால் அதற்கு மருந்து இல்லை. பழசுக்கு நான் பரிந்து பேசுவதற்குப் பெரிய காரணம் இதுதான். ஒன்று மட்டும்: முழுசாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதுசாக்கித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பல வருடம் கை பட்டு வந்த நிறம் அதோடு போய்விடும்.

விளக்கு வேறு கதை. கண்ணாடியும் பித்தளையும் எவ்வளவு பழசானாலும் சரி. உள்ளே ஓடும் வயர் பழசாக இருக்கக் கூடாது. ரப்பர் உறை காய்ந்து தொட்டால் பொடியும். வயர், ஹோல்டர் இரண்டையும் எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றுங்கள், பித்தளை உடம்புக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள். மரை ஹோல்டராக இருந்தால் ஃபேஸ் நடுமுனைக்குத்தான் போக வேண்டும். லஸ்தரின் கனத்தைச் சங்கிலியும் கூரைக் கொக்கியும் தாங்கட்டும், வயர் தாங்கக் கூடாது. பழைய குளோபுக்குள் 9 வாட் எல்இடி போதும். 2700 கெல்வின் என்று அட்டையில் பார்த்து வாங்கினால் அந்தக் கண்ணாடிக்குரிய மஞ்சள் வெளிச்சம் கிடைக்கும்.

மேசையும் நாற்காலியும் வீடு விட்டு வீடு போகவே செய்தவை, மனசு உறுத்தாமல் வாங்கலாம். நிலைக்கதவும் தூணும் அப்படியில்லை. அவை ஒரு வீட்டின் எலும்பு. 2014 முதல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனாலும் வாங்க ஆள் இருக்கும்வரை அங்கே வீடுகள் பிரிக்கப்பட்டுக்கொண்டுதான் இருக்கும். அபார்ட்மெண்ட் வரவேற்பறையில் அழகுக்குச் சாத்தி வைப்பதற்காக ஒரு தூணை வாங்காதீர்கள் என்று உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.