வீட்டுக்குள் வீடு: கணினிக்குள் இயங்கும் கணினி

யூனியன்வில்லில் வாழும் நாம் வோடன் வீதியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் மென்பொருள் ஆய்வுகூடத்தைக் கண்டிருப்போம். அது 2001 இல் திறக்கப்பட்டது. ஒரே கணினியைப் பல கணினிகள் போல இயங்கச் செய்யும் ‘வீ.எம்./370’ என்னும் மென்பொருளை 1972 இல் அறிவித்ததும் அந்நிறுவனமே. இன்று வீட்டுக் கணினியிலும் அவ்வாறு ஒரு லினக்ஸை இயக்கலாம். அதனுள் நடப்பதை வெளியே இருக்கும் கணினியால் அறிய முடியுமா?

விடை, இடையே உள்ள சுவரைப் பொறுத்தது.

முதலாவது, ‘கொள்கலன்’ முறை. இது ஒரே வீட்டின் அறைகளைப் போன்றது. எல்லா அறைகளுக்கும் லினக்ஸின் மையப்பகுதியாகிய கேர்னல் ஒன்றே. உள்ளே இருப்பவர் தம் செயல்களை மட்டுமே காண்பார், வெளியே ‘பி.எஸ்.’ என்னும் கட்டளையை இடுபவரோ அனைத்தையும் காண்பார். உள்ளே 1 என்னும் எண்ணைத் தாங்கிய செயல், வெளியே 5210 போன்ற வேறோர் எண்ணுடன் தோன்றும். இவ்விரட்டை எண் முறை 2008 இல் லினக்ஸில் இணைந்தது.

இரண்டாவது, ‘மெய்நிகர் கணினி’ முறை. இது தனிக் கேர்னலுடன் கூடிய தனி வீடு. 2007 இல் லினக்ஸில் சேர்ந்த ‘கே.வி.எம்.’ இவ்வகையினது. உள்ளே நூறு செயல்கள் நடப்பினும் வெளியே அவை ஒரே செயலாகவே தோன்றும். மின்மானியைப் பார்ப்பவர் மின்சாரம் எவ்வளவு செலவாயிற்று என அறிவார். அடுப்பில் இருப்பது சோறா கறியா என அறியார். அதுபோல, எவ்வளவு நினைவகம் செலவாகிறது என்பதே வெளியே தெரியும். விவரம் வேண்டின் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். அல்லது செய்தி சொல்லும் சிறு மென்பொருளொன்றை உள்ளே நிறுவ வேண்டும்.

எனினும், தனி வீடு என்பதால் முற்றிலும் மறைவானது என எண்ணலாகாது. உள்ளே உள்ள நினைவகம் வெளிக்கணினிக்கே உரியது. அதன் பொறுப்பாளர் முயன்றால் அதைப் படிக்கலாம். இதனைத் தடுக்கவே, நினைவகத்தை மறைகுறியாக்கும் வசதி 2017 முதல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் சேர்வர் சில்லுகளில் இடம்பெற்றது.

பெற்றோரே, நம் குடும்பப் படங்களும் கடிதங்களும் இன்று பிறருடைய கணினிகளுக்குள் இயங்கும் கணினிகளிலேயே தங்குகின்றன. பிள்ளைகள் கணினியை இயக்கக் கற்பது நன்று. வீட்டின் திறப்பு எவர் கையில் உள்ளது என வினவக் கற்பது அதனினும் நன்று.