சூத்திரத்தில் ஓர் அடைப்புக்குறி

சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால், அது சீறிக் கொதித்து, ஆவி பறக்கப் பொங்கி, சற்று நேரத்துக்கெல்லாம் வெண்மையான மாவாக நீறிவிடுகிறது. ரசாயன சாஸ்திரத்தில் கால்சியம் ஹைட்ராக்ஸைடு என்று வழங்கும் இந்த நீற்றுச் சுண்ணாம்பின் சூத்திரத்தை எழுதப் புகும் மாணவன், கால்சியம், ஆக்ஸிஜன், ஹைட்ரஜன் ஆகிய மூன்றின் குறிகளையும் வரிசையாக எழுதிக் கடைசியில் 2 என்ற சிற்றிலக்கத்தை அடியில் இட்டானாகில், அது சுண்ணாம்பைக் குறிக்காது. அடியிலிடும் இலக்கம் தனக்கு முன் நிற்கும் ஒரே குறியைத்தான் பெருக்கும் என்பது விதியாதலால், ஹைட்ரஜன் மட்டும் இரண்டாகி, ஆக்ஸிஜன் ஒன்றாகவே நின்றுவிடும். பின்னிரண்டு குறிகளையும் அடைப்புக்குறிக்குள் சேர்த்து, வெளியே 2 எழுதினால்தான் இரண்டும் இரட்டிக்கும்.

அவ்வாறு அடைப்புக்குள் நிற்பது, அணுக்கள் சில இணைபிரியாமல் கூடி, ஒரே மின்னேற்றத்தைப் பொதுவில் தாங்கி, உப்பு நீரில் கரைந்தபோதும் கலையாமல் ஒன்றாகவே சஞ்சரிக்கும் பல்லணு அயனியாகும். ஒரு கந்தக அணுவும் நான்கு ஆக்ஸிஜன் அணுக்களும் சேர்ந்த சல்பேட்டுக்கு ருண மின்னேற்றம் இரண்டு. ஒரு நைட்ரஜனும் நான்கு ஹைட்ரஜனும் சேர்ந்த அம்மோனியத்துக்குத் தன மின்னேற்றம் ஒன்று. தனமும் ருணமும் சரிக்குச் சரியாக நின்றாலன்றிச் சேர்க்கை அமையாதாகையால், வயலுக்கு உரமாக இடும் அம்மோனியம் சல்பேட்டில் ஒரு சல்பேட்டுக்கு இரண்டு அம்மோனியம் வேண்டியிருக்கிறது. எனவே அடைப்பும் அதன் 2-உம் இங்கே முன்பாதியில் வருகின்றன. சல்பேட் ஒன்றே இருப்பதால் அதற்கு அடைப்பு வேண்டியதில்லை.

கால்சியம் பாஸ்பேட்டில் கணக்குச் சற்று நீளும். கால்சியத்துக்குத் தனம் இரண்டு, பாஸ்பேட்டுக்கு ருணம் மூன்று. இரண்டும் ஆறில் சந்திப்பதால், மூன்று கால்சியத்துக்கு இரண்டு பாஸ்பேட். ஒரு பாஸ்பேட்டில் நான்கு ஆக்ஸிஜன் உண்டாகையால், அடைப்பை நீக்கி எட்டு ஆக்ஸிஜன் என்றே எழுதிவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். எண்ணிக்கை பிசகாது, மெய்தான். ஆயினும் இரண்டு பாஸ்பேட்டுகள் தனித்தனியே இருக்கின்றன என்ற அருமையான செய்தி சூத்திரத்தை விட்டே மறைந்துபோகும். ஆதலால் உள்ளிருக்கும் 4-ஐத் தொடலாகாது. மின்னேற்றத்தைச் சமன்செய்யும் இலக்கத்துக்கு இடம் எப்போதும் வெளியேதான்.

எழுத்துக்களால் மூலகங்களைக் குறிக்கும் இம்முறையை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வகுத்த ஸ்வீடன் தேசத்து பெர்ஸீலியஸ், இலக்கங்களை மேலே எழுதினார். அவை அடிக்கு இறங்கியது பின்னால்.

நாவிதர் சவரத்துக்குப்பின் தடவும் படிகாரத்தில் பொட்டாசியத்தின் தனம் ஒன்று, அலுமினியத்தின் தனம் மூன்று, ஆக நான்கு; அதற்கு ஈடாக, அடைப்புக்குள் சல்பேட், வெளியே 2; அதன்பின் ஒரு புள்ளியிட்டு, படிகத்தோடு பிணைந்திருக்கும் 12 நீர் மூலக்கூறுகளையும் எழுதினால் சூத்திரம் முற்றுப்பெறும்.